கோபுர வாசலில் திரும்பிய காற்று

“காத்து நின்னுட்டு வள்ளி. வெயிலே வந்துட்டு, பாரு.”

அண்ணன் கைபேசியைத் திருப்பி வானத்தைக் காட்டினான். படம் விட்டு விட்டு வந்தது. ஒரு மாடிப்படி. அதன் கைப்பிடியில் துணி காயப்போட்டது போல மடங்கித் தொங்கிய தகரம். அதற்கு மேலே, இப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று ஒரு நீலம்.

தென்காசியை அடுத்த மேலகரத்தில், எங்கள் வீட்டு அடுக்களையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் மதினி. அடுப்பில் இட்லிச் சட்டி. ஜன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் சாரல், மாவு சலிப்பது போலச் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

“எல்லாரும் கீழ எறங்குதாங்க. நானும் போயி வண்டிய எடுத்துட்டு வந்துருதேன்” என்றான். அவன் விரலில் சாவி ஆடியது.

வண்டி நின்றது கடற்கரையில்.

போன வாரம் இந்தத் தொடரில், காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் முதன்முதலாக ஏறிய நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சுரண்டை வாசகி ஒருவர், “காற்றோடு வேலை பார்க்கிறீர்கள். கடலில் புயல் எப்படி உண்டாகிறது, அது ஏன் சுற்றுகிறது என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வீர்களா?” என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காலை நேரத்தில், அந்த அடுக்களையில் நடந்ததோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. தனியாகப் பிரித்துச் சொல்ல வரவில்லை. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

கடலோரத்தில் நின்ற வண்டி

அண்ணன் பெயர் ஆறுமுகம். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். ஓமானின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் வேலை. அந்த ஊருக்குத் தெற்கே கடல், வடக்கே மலை. “நம்ம ஊரு மாதிரியேதான் வள்ளி, தென்னை நிக்கி, வாழை நிக்கி. அருவி மட்டுந்தான் இல்ல” என்பான்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் திரும்பிப் போனவன். கோமதி மதினி எங்களோடு இருந்தார். முதலாளியிடம் சம்பளத்துக்கு இருக்கும்வரை குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சொந்தமாக வேலை எடுத்துச் செய்தால் முடியும். அதற்கு ஒரு வண்டி வேண்டும்.

அந்த வருடம் பங்குனி வாக்கில் பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டான். வெள்ளை நிறம், பின்னால் திறந்த தொட்டி. அதன் படம்தான் மதினியின் கைபேசித் திரையில் இருந்தது. புருஷன் படம் இல்லை.

“அவுகளத்தான் தெனமும் பாக்கேன். இதுதான என்னைய அங்கன கொண்டு போவப்போவுது?” என்பார்.

எனவே அந்த வண்டி என்ன வண்டி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புயல் வருகிறது என்று அறிவித்ததும் அவனும் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களும் பக்கத்தில் இருந்த கல்கட்டடம் ஒன்றின் மாடிக்குப் போய்விட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நான் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தேன். எனக்குப் பட்டியல் இல்லாமல் எதுவும் ஓடாது. தண்ணீர், பாஸ்போர்ட், மருந்து, டார்ச், வேலை செய்யும் கருவிகள் எல்லாம் மேலே. வண்டி மேட்டில்.

கடைசி வரியைத் தவிர எல்லாம் செய்திருந்தான். மேட்டில் இடமில்லையாம், எல்லோரும் முந்திக்கொண்டார்களாம்.

“பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி அனுப்புதியே, கத்தரிக்கா ஒரு கிலோன்னு எழுத மறந்துட்டியாட்டி?” என்று பதில் வந்தது.

இட்லிச் சட்டிக்குள் ஒரு கடல்

அன்று எனக்கு விடுமுறை. அப்பாவும் அம்மாவும் விடிந்ததுமே குற்றாலத்துக் கடைக்குப் போயிருந்தார்கள். சீசனுக்குப் பழக்கடை போடுகிறவர்கள் நாங்கள். சாரல் தொடங்கிய அன்று கடையில் ஆள் இருந்தே ஆகவேண்டும்.

மதினி ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும், அண்ணன் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், இட்லிக்குத் துணி விரித்துக்கொண்டே கேட்டார்:

“வள்ளி, இந்தப் பொயலு எங்கன இருந்துதான் வருது? சும்மா கெடக்க கடல்ல அதுக்கு யாரு உசுரு குடுக்கா?”

மனசு பதறுகிறவர்களிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதைவிட எது எப்படி நடக்கிறது என்று சொல்வது மேல் என்பது என் அனுபவம். சட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன்.

“இதுதான் கடல். வெயில்ல நாள்கணக்கா காஞ்சு, மேல மட்டுமில்லாம ஆழத்துலயும் சூடாக் கெடக்கு. அதுல இருந்து ஆவி எந்திரிக்கி.”

“சரி.”

“கொதிதண்ணி கையில பட்டா சுடும். ஆவி பட்டா?”

“தோலே உரிஞ்சிரும். போன மாசம் பட்டுக்கிட்டேன்லா?”

“ஏன்னா, தண்ணி ஆவியாகும்போது அடுப்புச் சூட்டை வாங்கி உள்ள வச்சுக்கிடுது. உங்க கையில பட்டுத் திரும்பத் தண்ணியாகும்போது அவ்வளவையும் கையில எறக்கி வச்சுட்டுப் போயிரும். கடல் ஆவியும் அப்படித்தான். மேல போயி, குளிர்ந்து, மேகமாகும்போது, வாங்கின சூட்டை அங்கன எறக்கி வைக்கும்.”

அந்தச் சூட்டில் மேலே இருக்கிற காற்று இன்னும் லேசாகி இன்னும் உயரப் போகும். கீழே கடலை ஒட்டிக் காற்றின் அழுத்தம் குறையும். அந்தப் பள்ளத்தை நிரப்ப நாலாபக்கமும் இருந்து காற்று ஓடிவரும். ஓடிவருகிற காற்று கடல்மேல் தடவிக்கொண்டே வருவதால் அதுவும் ஆவியைச் சுமந்துகொண்டு வரும். அதுவும் மேலே போகும், அதுவும் சூட்டை இறக்கும். தன் அடுப்புக்குத் தானே விறகு பொறுக்கிக்கொள்கிற கதைதான். இதற்கு இன்னும் சில விஷயங்கள் கூடிவர வேண்டும். உயரத்தில் வீசும் காற்று எழும்புகிற மேகத்தைச் சாய்த்துக் கலைத்துவிடக் கூடாது. சுற்றிலும் ஈரம் இருக்கவேண்டும். கூடி வராவிட்டால் வெறும் மழையோடு முடிந்துபோகும். பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

“தரைக்கு வந்தா?” என்றார் மதினி.

“அடுப்பை அணைச்ச மாதிரி. ஆவி கெடையாது. கொஞ்ச கொஞ்சமா அடங்கிரும்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. மூடியைத் திரும்ப வைத்தார்.

ராட்டினத்தில் எறிந்த ரம்புட்டான்

ஆனால் மதினி விடுகிற ஆள் இல்லை. கைபேசியில் புயலின் படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளைச் சுருள், நடுவில் ஒரு பொட்டு.

“ஓடி வருதுன்னு சொன்ன. நேரா நடுவுல போயி முட்ட வேண்டியதுதான? எதுக்கு இப்பிடிச் சுத்துது?”

இதற்குக் குற்றாலத்துக்குத்தான் போகவேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். சீசனில் அருவிக்குப் போகிற வழியில் குடை ராட்டினம் போடுவார்கள். மரக்குதிரையில் ஏறி உட்கார்ந்தால் எண்ணெய் வாசனையும் மிளகாய் பஜ்ஜி வாசனையும் மாறி மாறி முகத்தில் அடிக்கும். அண்ணன் ஒரு குதிரையிலும், அவனுக்கு நேர் எதிரே நான் ஒரு குதிரையிலும். அப்பா கடையிலிருந்து எடுத்து வந்த ரம்புட்டான் அவன் சட்டைப் பையில். ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, “பிடிட்டி!” என்று என்னைப் பார்த்து ஒன்றை எறிந்தான்.

அது எனக்கு வரவில்லை. எனக்கு இடப்பக்கம் இருந்த, அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் ஏறியிருந்த ஒரு பெரியவர் மடியில் போய் விழுந்தது. அடுத்ததும் அவருக்கே. மூன்றாவதை அவர் வாயைத் திறந்து எதிர்பார்த்தார்.

“நேராத்தான எறிஞ்சேன்?” என்று இறங்கிய பிறகும் அண்ணன் கையைக் கையைப் பார்த்துக்கொண்டான்.

நேராகத்தான் எறிந்தான். பழம் காற்றில் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ராட்டினம் நகர்ந்துவிட்டது. தரையில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பழம் நேராகப் போனது. ராட்டினத்தில் இருந்த எங்களுக்கு அது வளைந்து போனது. எறிந்தவனுக்கு வலப்பக்கமாக.

பூமியும் ஒரு ராட்டினம்தான். அன்று எங்கள் ராட்டினம் சுற்றிய அதே பக்கமாகத்தான் பூமியின் வடபாதியும் சுற்றுகிறது. அதன்மேல் வெகுதூரம் ஓடுகிற எதுவும், பூமத்திய ரேகைக்கு வடக்கே, தனக்கு வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். பக்கத்துத் தெருவுக்குப் போவதில் அது தெரியாது. பல நூறு மைல் ஓடிவருகிற காற்றில் தெரியும்.

இப்போது நடுவை நோக்கி நாலாபக்கமும் இருந்து ஓடிவருகிற காற்றை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனக்கு வலப்பக்கம் ஒதுங்குகிறது. ஒன்றுகூட நேராக நடுவில் போய்ச் சேராது. எல்லாம் நடுவைத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றி, கயிறு விரலில் சுருண்டு குறையக் குறையக் கல் வேகம் பிடிக்குமே, அது போல உள்ளே வர வர வேகம் கூடும்.

மதினி விரலால் மாவுப் பாத்திரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“எடப்பக்கம் வச்சா? நாம கோயில்ல சாமிய வலப்பக்கம்லா வச்சுச் சுத்துவோம்?”

“ஆமா. இது எதிர்ச்சுத்து.”

“அப்பிரதட்சணமா வருது. வெளங்குமா?”

“பூமத்திய ரேகைக்குத் தெக்க பிரதட்சணமாத்தான் சுத்தும் மதினி. அங்கனயும் கூரையப் பிரிச்சுத்தான் போடும்.”

அன்று முதன்முதலாகச் சிரித்தார். பிறகு, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி, சுழித்துக்கொண்டு இறங்கிய தண்ணீரைக் காட்டி, “இதுவும் பூமி செய்யுத வேலையா?” என்றார்.

இல்லை. நிறையப் பேர் அப்படி நம்புகிறார்கள். தொட்டி ரொம்பச் சின்னது. நாம் தண்ணீரை எந்தப் பக்கம் ஊற்றினோம், தொட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அங்கே தீர்மானிக்கும். சரியாகப் பூமத்திய ரேகையில் புயல் பிறப்பதில்லை என்பதையும் சொன்னேன். அங்கே இந்த ஒதுக்கம் இல்லை. காற்று நேராக வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போய்விடும்.

“அப்ப அந்த நடுப் பொட்டு?” என்றார். அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் என் கைபேசி அடித்தது.

மூன்று கேள்விகள்

அண்ணன் வானத்தைக் காட்டினான். சாவியைக் காட்டினான்.

குரலை மாற்றாமல் கேட்டேன்.

“அண்ணே, இவ்வளவு நேரமும் எந்தப் பக்கம் இருந்து அடிச்சுது?”

“வடக்க இருந்து. மலைப் பக்கம்.”

“கொஞ்ச கொஞ்சமாக் கொறஞ்சு நின்னுதா, பொசுக்குன்னு நின்னுட்டா?”

“பொசுக்குன்னுதான். யாரோ சுவிட்ச அமத்துன மாதிரி.”

“வானம் எல்லாப் பக்கமும் தெளிஞ்சிருக்கா?”

அண்ணாந்து பார்த்தான். “தலைக்கு மேல நல்லா இருக்கு. சுத்திப் பாத்தா… செவரு கெட்டுன மாதிரி மேகம் நிக்கி.”

மூன்றுக்கும் மூன்று பதில். நடுப் பொட்டு அவன் தலைக்கு மேல் நின்றது.

சுற்றுகிற காற்று ஓர் அளவுக்கு மேல் உள்ளே போக முடியாது. அங்கே வட்டமாகச் சுவர் மாதிரி எழும்பி மேலே போய்விடும். சுவருக்கு உள்ளே காற்று அடங்கி, மேலிருந்து மெல்ல இறங்கி, மேகம் கலைந்து, வெயில்கூட வரும். அதைத்தான் புயலின் கண் என்கிறார்கள். புயல் நகர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணும் நகரும். அது தாண்டியதும் மறுபக்கச் சுவர் வரும். சுற்றுகிற பொருளின் மறுபக்கம் எதிர்த்திசையில்தான் ஓடும் இல்லையா? முதல் பாதி வடக்கே இருந்து அடித்தால், அடுத்த பாதி தெற்கே இருந்து வரும்.

அவன் ஊரில் தெற்கே கடல்.

“அண்ணே, பொயலு போகல. நீ அதோட கண்ணுக்குள்ள நிக்க.”

“கண்ணா? மூக்கு எங்கனட்டி இருக்கு?”

“வெளையாடாத. இன்னும் பாதி இருக்கு. அது கடல்ல இருந்து வரும். தண்ணியோட வரும்.”

“எப்ப?”

“தெரியாது. கண்ணு எவ்வளவு பெருசு, எவ்வளவு வேகமாப் போவுதுன்னு பாத்துத்தான்…”

“பாத்தியா, நீயே தெரியாதுன்னு சொல்லுத. கண்ணு முன்னால வெயிலடிக்கி. இவங்க எல்லாரும் எறங்கியாச்சு. நீ காத்தாடியச் சுத்து தாயி. நான் வண்டிய எடுத்துட்டுக் கூப்புடுதேன்.”

படி இறங்குகிற சத்தம் கேட்டது. அழுத்தம், சுழற்சி, சுவர் என்று என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் சரியானவை. ஒன்றுகூட அவன் காலைப் பிடித்து நிறுத்தவில்லை.

மதினி என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

மதினி வீட்டுத் தெருக் காற்று

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மதினி பிறந்தது தென்காசிப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அந்தக் கோயிலின் ராஜகோபுர வாசலில் நுழைந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போகப் போகக் காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பெண்கள் சேலையை இழுத்துப் பிடிப்பார்கள், ஆண்கள் வேட்டியை. நடுவில் ஓரிடத்தில் ஒன்றும் இருக்காது. அதைத் தாண்டினால் அதே காற்று முதுகுப்பக்கமாக வந்து உள்ளே தள்ளிவிடும்.

ஏன் அப்படி என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். கோபுரத்தின் அகலம், கணவாய்க் காற்று, பிரகாரத்தின் சூடு. நான் அளந்து பார்த்ததில்லை. அதுவும் புயலும் ஒன்றல்ல என்பது மட்டும் தெரியும். அங்கே எதுவும் சுற்றுவதில்லை. ஆனால் நடந்து போகிற ஆளின் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

மதினி அதிர்ந்து பேசவில்லை. சந்தைக்குப் போகிறவரிடம் ஒன்றை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னார்.

“என்னங்க. பெரிய கோயில் வாசல் ஞாபகம் இருக்கா?”

படிச்சத்தம் நிற்கவில்லை.

“கல்யாணம் முடிஞ்சு சாமி கும்புடப் போனமே. மொதல்ல முன்னால இருந்து தள்ளுச்சு. மாலையப் பிடிச்சுக்கிட்டீங்க. அப்பொறம் ஒண்ணுமே இல்ல. நின்னுட்டுன்னு நெனச்சு மாலைய விட்டீங்க. அடுத்த எட்டுல முதுகுல தள்ளி, மால பறந்து எம்மூஞ்சில விழுந்துச்சா இல்லையா?”

சத்தம் நின்றது.

“இப்ப நீங்க மாலைய விட்ட எடத்துல நிக்கீங்க. அடுத்த எட்டு வைக்காதீங்க.”

பிறகு அண்ணன், “வண்டி…” என்றான்.

“வண்டி கெடந்துட்டுப் போவுது.”

அவர் இதைச் சொன்னபோது அடுப்பு மேடையில் கிடந்த அவருடைய கைபேசித் திரையில் அந்த வெள்ளை வண்டியின் படம் தெரிந்தது. மதினி அதைப் பார்க்கவில்லை. வேறெங்கோ, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடர்பு அறுந்தது.

அருவியில் தண்ணீர்

திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். போகவில்லை. இட்லி வெந்து, ஆறி, துணியோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது அப்பா கூப்பிட்டார். பின்னால் இரைச்சல்.

“ஏட்டி வள்ளி! பேரருவில தண்ணி விழுந்துட்டு! கேக்கா? கேளு, கேளு!” கைபேசியை அருவிப் பக்கம் நீட்டிப் பிடித்திருப்பார். ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது. “இவ்வளவு சீக்கிரமா விழுந்து எத்தன வருசமாச்சு தெரியுமா? மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. அம்மைக்கு வாயெல்லாம் பல்லு.”

“நல்லதுப்பா.”

“அண்ணன் கூப்புட்டானா?”

மதினியைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

“கூப்புட்டான்ப்பா. அவன் ஊர்ல வெயிலடிக்காம்.”

பொய் இல்லை. அப்பா சந்தோஷமாக வைத்துவிட்டார்.

அந்தச் சாரலை நான் வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரபிக் கடலின் அந்தக் கோடியில் சுற்றுகிற சுழல், தன் தெற்குப் பக்கம் தென்மேற்குக் காற்றை முடுக்கிவிட்டிருந்தது. அந்தக் காற்றுதான் கேரளத்தைத் தாண்டி, செங்கோட்டைக் கணவாய் வழியாக எங்கள் ஜன்னலுக்கு வந்திருந்தது. எல்லாப் புயலும் இப்படிச் செய்யாது. சில, காற்றை மொத்தமாக இழுத்துக்கொண்டு போய் நம்மைக் காயப்போட்டுவிடும். இது கொடுத்தது. ஒரே சுழலின் ஒரு கையில் அப்பாவின் அருவி, இன்னொரு கையில் அண்ணன்.

“சூடு அங்கன ரொம்பிப் போச்சுன்னுதான இது வருது?” என்றார் மதினி திடீரென்று.

“ஆமா மதினி. ஒரு எடத்துல குமிஞ்ச சூட்டை எடுத்து மேலயும் தூரத்துலயும் எறைச்சுட்டுப் போவும். அதுக்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் கெடையாது.”

“கோவம் இல்லன்னா சரி” என்று ஒட்டிய இட்லியைப் பிய்த்து ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். ஒரு துண்டைத் தானும் தின்றார்.

தெற்கேயிருந்து

சாயங்காலம், பால்காரர் மணியடிக்கிற நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மதினி எடுத்தார். கேட்டார். கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததும் அண்ணன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியைப் போட்டேன்.

அண்ணன் குரல் கரகரத்தது.

“திரும்பி அடிச்சுது வள்ளி. நீங்க சொன்ன மாதிரியே. கடல் பக்கம் இருந்து.”

“கீழ எறங்கினவங்க?”

“எல்லாரையும் மேல கூப்புட்டேன். பங்களாதேஷ்காரன்ட்ட தென்காசிக் கோபுரத்த எப்பிடிட்டி சொல்ல? கத்துனேன். கேக்கல. பொறவு கீழ் வாசல்ல குறுக்க கைய விரிச்சு நின்னுட்டேன். வஞ்சுக்கிட்டே ஏறினாங்க. கடைசி ஆள் ஏறி, நான் கதவச் சாத்தல… கதவு தானாச் சாத்திக்கிட்டு. அந்த வேகம்.”

“வண்டி நின்ன எடம்?”

“எடமே இல்ல. கடலா இருந்துச்சு.”

மதினி கைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

“சாப்புட்டீங்களா?”

“ரொட்டி இருந்துச்சு.”

“இங்கன இட்லியக் கொழகொழன்னு ஆக்கிட்டோம், ஒங்களால.”

அதற்குப் பிறகுதான் மதினி அழுதார். நான் வெளியே வந்து சாரலில் நின்றேன். நனைந்த முருங்கையின் வாசனை இன்றும் எனக்கு அந்த நேரத்தின் வாசனைதான்.

மறுநாள் வண்டி கிடைத்தது. ஒரு மதில் சுவரில் சாய்ந்து, இருக்கை மட்டத்துக்கு மணல் நிறைந்து, உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினோடு. பிழைக்கவில்லை. மதினி திரையில் இருந்த படத்தை மாற்றினார். அந்த இடத்தில் அண்ணன் வந்தான், ஒரு வழியாக.

ஆனால் கருவிகள் மாடியில் இருந்தன. புயலுக்குப் பிறகு அந்த ஊரில் மணல் ஏறாத குளிர்சாதனப் பெட்டி ஒன்றுகூட இல்லை. அண்ணனும், அவனை வைதுகொண்டே மாடி ஏறியவர்களில் இரண்டு பேரும் சேர்ந்து, வாடகை வண்டியில் தெருத் தெருவாகப் போனார்கள். அடுத்த நாலைந்து மாதம் அவனுக்கு நிமிர நேரமில்லை. ஐப்பசிக்குள் இன்னொரு பழைய வண்டி வந்துவிட்டது. இந்தமுறை சாம்பல் நிறம். மேட்டில் நிறுத்துகிறான்.

நடுவில் ஓரிடம்

அந்த வருடம் கார்த்திகையில் ஊருக்கு வந்தான். மதினிக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்திருந்தான். புறப்படுவதற்கு முந்தின காலை மூன்று பேரும் பெரிய கோயிலுக்குப் போனோம்.

என் பையில் கையடக்கக் காற்றுமானி இருந்தது. அந்த வாசலை ஒருநாள் அளக்கவேண்டும் என்று வெகுநாளாக என் பட்டியலில் இருக்கிறது. எடுக்கவில்லை.

பூக்கடையில் மதினி வாங்கிய மல்லிகை, கோபுரத்துக்குள் நுழைந்ததுமே எதிர்க்காற்றில் பின்னால் பறந்தது. அண்ணன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால். திடீரென்று ஒன்றும் இல்லை. அண்ணன் நின்றுவிட்டான்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு அம்மாள், “நடுவுல நிக்கீங்களே, ஓரமா நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் நகரவில்லை. ஒரு காலை மட்டும் கொஞ்சம் தூக்கி, வைக்காமல், திரும்பி மதினியைப் பார்த்தான்.

“இங்கனதான நிக்கச் சொன்ன?”

“ஆமா. அப்ப சொன்னேன்” என்றார் மதினி. “போதும் நின்னது. அடுத்த எட்டு வைங்க.”

அவன் வைத்தான். காற்று பின்னாலிருந்து வந்து எங்கள் மூன்று பேரையும் உள்ளே தள்ளியது.